பழைய டென்னிஸ் ராக்கெட் கனக்குது, லேசா வாங்கலாமா?

கேள்வி: காலேஜோட விட்ட டென்னிஸை 48 வயசுல திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். பழைய 340 கிராம் ராக்கெட்ட தூக்கினா அரை மணியில தோள்பட்டை கழண்டுடுது. 250 கிராம்ல வாங்கிடலாமா சார்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவ்ளோ கீழ இறங்காதீங்க சார். ரொம்ப லேசா இருந்தா வேகமா வர்ற பந்துல ராக்கெட் கையிலயே திரும்பிக்கும், அந்த அதிர்வு பூரா முழங்கைக்குத்தான் போகும், அப்புறம் காபி டம்ளர் தூக்கவே வலிக்கும். 280, 285 கிராம், தலை 100 சதுர இன்ச், கனம் கைப்பிடிப் பக்கம் இருக்கிற மாதிரி பாருங்க, ஃப்ரேம்ல போட்டிருக்கிறது பெரும்பாலும் ஸ்ட்ரிங் கட்டாத எடை, கட்டினா 15 கிராமுக்கு மேல ஏறும். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் விறைப்பா இருக்கும், இப்ப வேணாம். மெல்லிசான இழைங்க நிறைய சேர்ந்த மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்க 50 பவுண்டு இழுவையில கட்டச் சொல்லுங்க. நம்மூரு சித்திரை வெயில்ல கை வேர்த்து வழுக்கும், கைப்பிடி மேல சுத்துற ஓவர்கிரிப்பும் ரெண்டு வாங்கிக்குங்க.