கம்பியைக் கீழே இழுத்தவர்

கேள்வி: அமெரிக்க ப்ளூஸ் இசையின் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங்கின் ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ ஆல்பத்தை இவ்வளவு கொண்டாடுகிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: கம்பியின் அந்த வளைவு! ஆல்பர்ட் கிங் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களின் கிட்டாரைக் கம்பிகளை மாற்றாமலேயே திருப்பிப் பிடித்தார். மற்றவர்கள் மேலே தள்ளி வளைக்கும் மெல்லிய கம்பியை அவர் கீழே இழுத்தார். ஒற்றைச் சுரம் விம்மி எழுந்து அடுத்ததைத் தொடும். வேகம் அவருக்குத் தேவைப்படவில்லை. சில சுரங்கள், பிறகு மௌனம். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் இசைப்பதிவு நிறுவனத்தின் கலைஞர்கள், முக்கியமாக டிரம்மர் ஆல் ஜாக்சன், அந்த மௌனத்தை நிரப்பாமல் காத்தார்கள். எனக்கு அதுவே பெரிய கலை. 1967இல் வந்த ஆல்பம். மறு ஆண்டே பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிரீம் ராக் குழு தலைப்புப் பாடலைத் தன் ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டது. நீங்கள் இந்த ஆல்பத்தின் ‘கிராஸ்கட் சா’ பாடலிலிருந்து தொடங்குங்கள்.