மும்மொழி வடிவமைப்பைக் கற்பித்தல்: கேள்வி பதில்

முதலாம் வருடத்துக்கு மும்மொழிச் சுவரொட்டிப் பயிற்சி கொடுத்தேன். எல்லாருடையதிலும் தமிழ், ஆங்கிலத்தின் அடியில் ஒட்டிய துண்டுபோல இருக்கிறது. ஏன்? (வருகைதரு விரிவுரையாளர், மொறட்டுவை)

ஆங்கிலத்தில் தொடங்கியதால்தான். முதல் வாரம் கணினியே வேண்டாம். ஏ3 தாளில், தட்டைமுனைப் பேனாவால், ஒரே வாசகத்தை முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் கடைசியாக ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். தமிழ்தான் அதிக அகலம் கேட்கும். அந்த அகலத்துக்குப் பக்கத்தைப் பிரித்தால் மற்ற இரண்டும் தாராளமாக அமரும். மாறிச் செய்தால் தமிழைச் சுருக்க வேண்டிவரும்.

கணினிக்கு வந்ததும் ஆங்கில எழுத்தின் அளவு 10 புள்ளி என்றால் தமிழை 9இல் தொடங்கி, வரியிடையை 14க்கும் 15க்கும் நடுவே வைத்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். சோதனைக்கு 'அம்மா' போதாது. 'ழு', 'கூ' உள்ள வரியின் கீழே 'ணீ', 'ட்' உள்ள வரியை வையுங்கள். வரியிடை குறைந்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் முட்டும். அச்செடுத்து, தாளைத் தலைகீழாக்கி, மூன்று மீற்றர் தள்ளி நின்று பாருங்கள்: எந்த மொழி கறுப்பாகத் திரண்டு தெரிகிறதோ அதன் தடிப்பைக் குறையுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'கெ' உடைந்து கொம்பு பின்னால் போகிறது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு பெட்டியாக மாற்றாமல் பத்திப் பாணியிலேயே மாற்றுங்கள். அச்சகத்துக்கு எழுத்துகளை அவுட்லைன் (வெறும் கோட்டுருவம்) ஆக்கி அனுப்பினால், திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள்.

வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரிலும் கொம்பு பின்னால் போகிறதே?

அதே நோய். விருப்பத்தேர்வுகளில் இந்திய மொழித் தெரிவுகளை இயக்கிவிட்டுப் பத்தி மெனுவைப் பாருங்கள்.

பழைய பாமினி எழுத்துருவைக் கற்பிக்காமல் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள். பழைய கோப்பைத் திறந்து திருத்தத் தெரியவில்லை. (பக்க வடிவமைப்பாளர், மருதானை)

திறக்கத் தெரிய வேண்டும். புதிதாக அதில் செய்யக்கூடாது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும்தான் வரும். தேடலிலும் சிக்காது, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானும் உளறும்.

சேர், அதெல்லாம் இணையத்துக்கு. அச்சுக்கு என்ன குறை? யூனிகோட்டில் தலைப்புக்கு நல்ல எழுத்துரு எங்கே? (அவரே)

முன்பு நியாயமான கேள்வி. இப்போது நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், ஹிந்த் மதுரை இருக்கின்றன. கொழும்பு மூனியாக் எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் போஸ்ட் நோ பில்ஸ் எழுத்துருவில் சிங்களத்துக்கு 'கொலம்போ', தமிழுக்கு 'ஜஃப்னா' என்று ஒரே அச்சுவெட்டு (ஸ்டென்சில்) பாணி இருக்கிறது. வகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்க அருமையானது. ஆனாலும் தலைப்புக்கான தெரிவு இன்னும் குறைவுதான். அதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு.

அப்படியென்றால் பழைய பாமினிக் கோப்பை மாற்றி மென்பொருளால் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டால் போதுமா? (மூன்றாம் வருட மாணவி)

முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள், தங்கச்சி. ஈமெயில் முகவரியும் ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். பாமினி எழுத்துருவில் உள்ள பகுதியை மட்டும் தேடியெடுத்து மாற்றி, மெய்ப்புப் பாருங்கள். மூலக் கோப்பின் பிரதியை அழிக்க வேண்டாம்.

மகனுக்கு எந்த மடிக்கணினி?

கணினிக் கடையில் கேளுங்கள். முதல் தவணைக்கு 2பி பென்சில் போதும்.

சித்திரப் பயிற்சியைச் செயற்கை நுண்ணறிவே வரைந்து தருகிறதே, எப்படிப் புள்ளி போடுவது?

முடிவுக்கு 30, யோசனைக்கு 30, செய்முறைக்கு 40. இருபது சிறு வரைவுகளை வகுப்பிலேயே, திகதியிட்டு, பென்சிலால் வாங்குங்கள். பிறகு ஒன்றைத் தெரிவுசெய்து, பார்க்கும் கோணத்தை மாற்றி உங்கள் முன்னால் வரையச் சொல்லுங்கள்.

சேர், எனக்கு 'கொ' உடைகிறது…

கம்போசர்!