ஃபைல் திறக்கிறது, டேட்டா சேரவில்லை: சில கேள்விகள்

ஒரே கம்பியில் வெட்டிய சாம்பிளை இழுத்துப் பார்க்கும் டெஸ்டுக்கு இரண்டு லேபுக்கு அனுப்பினோம். நீட்சி ஒன்றில் 25%, இன்னொன்றில் 22%. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். முதலில் ரிப்போர்ட்டில் கேஜ் லெங்த், அதாவது நீட்சியை அளக்க சாம்பிளில் குறித்துக்கொள்கிற ஆரம்ப நீளம், எவ்வளவு என்று பாருங்கள். 12.5 மி.மீ. விட்டமுள்ள சாம்பிளை ஏஎஸ்டிஎம் இ8 என்ற அமெரிக்க ஸ்டாண்டர்டு படி இழுத்தால் கேஜ் லெங்த் விட்டத்தைப் போல 4 மடங்கு, அதாவது 50 மி.மீ.; ஐஎஸ்ஓ 6892 என்ற சர்வதேச ஸ்டாண்டர்டு படி போனால் வழக்கமாக 5 மடங்கு, 62.5 மி.மீ. அறுவதற்கு முன்னால் கம்பி ஒரே இடத்தில் கழுத்து மாதிரி மெலிந்து நீளும் இல்லையா, அந்த நீட்சி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வகுக்கிற நீளம்தான் வேறு, அதனால் குட்டை கேஜில் சதவீதம் கூடித் தெரியும். லேபோடு சண்டைக்குப் போகாமல், உங்கள் ஷீட்டில் நீட்சிக்குப் பக்கத்தில் கேஜ் லெங்த்துக்கு ஒரு கட்டம், ஸ்டாண்டர்டுக்கு ஒரு கட்டம் சேருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் பல வருட ரிப்போர்ட்டை ஒரே டேபிளில் கொட்டி ஏஐ மாடல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கஸ்டமர் அனுப்பிய எஸ்டிஎல்லை (பார்ட்டின் 3டி வடிவ ஃபைல்) திறந்தால் பார்ட் ரொம்பக் குட்டியாக வருகிறது?

ஒரு இஞ்சுக்கு 25.4 மி.மீ., அதனால் 25.4 ஆல் பெருக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எஸ்டிஎல்லில் வெறும் முக்கோணங்கள்தான். 1 என்றால் அது இஞ்சா மில்லிமீட்டரா என்று குறிக்க அதில் முறையான இடம் கிடையாது. 3டி பிரிண்டுக்கு, அலகையும் குறித்து வைக்கிற 3எம்எஃப் ஃபைல் கேளுங்கள், மெஷினிங்குக்கு ஸ்டெப் ஃபைல். ஸ்டெப்பிலும் ஏபி242 வகை என்றால் டாலரன்ஸும் (அளவில் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது) கூடவே வரும், அனுப்புகிறவர் சேர்த்திருந்தால்.

புது சாப்ட்வேரில் 4340, 1.6582 என்ற இரண்டு ஸ்டீலையும் ஒரே மெட்டீரியல் கோடில் போடலாமா? கடையில் ஈக்விவேலன்ட் என்கிறார்கள்.

வேண்டவே வேண்டாம். சதவீதத்தில் பார்த்தால் 4340ல் கார்பன் 0.38–0.43, நிக்கல் 1.65–2.00, குரோமியம் 0.70–0.90. 1.6582ல் கார்பன் 0.30–0.38தான், நிக்கல், குரோமியம் இரண்டுமே 1.3–1.7. ஒன்றுக்குப் பதில் ஒன்றை வாங்கலாமா என்பது டிசைன் ஆள் கையெழுத்துப் போட வேண்டிய விஷயம். டேட்டாபேஸில் இரண்டும் தனித்தனி, நடுவில் 'மாற்று' என்று ஒரு இணைப்பு, அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்ற குறிப்பு, அவ்வளவுதான்.

எக்செல்லில் ஏற்றியதும் ஹீட் நம்பர் (ஸ்டீலை உருக்கிய தொகுதியின் நம்பர்) கெட்டுப்போகிறது.

நடுவில் ஆங்கில ஈ எழுத்து வருகிற நம்பர்தானே? 63ஈ12 என்பதை எக்செல் 63க்குப் பின்னால் 12 சைபர் என்று எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் ஸ்டீல் நம்பர் 1.4310 கூட 1.431 ஆகிவிடும். சிஎஸ்வியை (கமா போட்டுப் பிரித்த டேட்டா ஃபைல்) டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். இம்போர்ட் வழியாகப் போய் அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள். சேவ் செய்த பிறகு டெக்ஸ்ட்டாக மாற்றிப் பிரயோஜனமில்லை, போனது போனதுதான்.

ஷாப்பில் நான்கு கம்பெனி சிஎன்சி மெஷின் இருக்கிறது. மெஷின் டேட்டாவை எடுக்கும் பொது முறையாக எம்டிகனெக்டா, ஓபிசி யுஏவா?

மெஷினில் இருந்து படித்தால் போதும் என்றால் எம்டிகனெக்ட். மெஷினுக்குத் திருப்பி எழுதவும் வேண்டும் என்றால் ஓபிசி யுஏ. எதுவானாலும் அடுத்த மெஷின் வாங்கும்போது பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் கேட்டால் ஆப்ஷன் என்று தனிக் காசு கேட்பார்கள்.