மகள் சொல்ல வேண்டிய பதில்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 44 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தவறியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு விசுவாசமே இல்லை என்று இப்போது சபையில் பேசுகிறார்கள்.

ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அரசியல் சாசனம் பற்றிப் பேசச் சொன்னார்கள். 25-வது பிரிவு தரும் மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினேன். உத்தரப்பிரதேசத்தில் மதம் மாறுகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அநியாயம் என்றேன். அதுவரை சபையாருக்குச் சந்தோஷம். அதே பேச்சில், வயது வந்த ஒரே பாலினத்தவர் இருவர் மனமொத்து உறவு கொள்வதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் கீழ் குற்றமாக்கக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் சரி என்றேன். அந்தத் துண்டை மட்டும் யாரோ வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஓய்வுநாள் பாடசாலை (சண்டே ஸ்கூல்) ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. கமிட்டியில் இருக்கும் என் கணவரின் அண்ணன், "வேதத்த விட்டுட்டு சட்டத்தப் பிடிச்சிக்கிட்டா" என்கிறார். ஒன்றைப் பாவம் என்று நம்புவது வேறு, அதற்காகப் போலீஸ் வர வேண்டும் என்பது வேறு. இதுகூடவா புரியாது? 2002-இல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது உரிமை உரிமை என்று கொதித்தவர்கள்தானே இவர்கள்! பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதற்கு நடுவில், 16 வயது மகள், சபை முன் நின்று விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடும் திடப்படுத்தல் வேண்டாம் என்கிறாள். "எனக்கு நிச்சயமில்லம்மா, பொய் சொல்லச் சொல்றியா" என்று கேட்கிறாள். இந்த நேரம் பார்த்து அவளும் இப்படிச் செய்தால் ஊர் என்ன பேசும் என்று நானே பெயர் கொடுத்துவிட்டேன். வெள்ளைச் சேலையும் எடுத்தாயிற்று. சின்னப் பிள்ளை, சரியாகிவிடுவாள்.

என் பெயரை எடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் ஆறவில்லை. விசுவாசமும் குடிமை உரிமையும் ஒருத்தியிடம் சேர்ந்து இருக்கவே கூடாதா? வேறு சபைக்குப் போய்விடலாமா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். வலிக்கத்தான் செய்யும். மகளை ஒரு வார்த்தை கேட்காமல், அதுவும் அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு, இன்னொரு பட்டியலில் நீங்கள் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த இந்த இடம்தான்.

திடப்படுத்தல் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தை ஞானஸ்நானத்தில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தைக்காக வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து பேராயர் முன்னால் நின்று, அந்த வாக்கைத் தன் வாயால் ஏற்றுக்கொள்ளும் ஆராதனை இது. பேராயர் தலையில் கை வைத்து ஜெபிப்பது அந்தப் பதிலுக்குப் பிறகுதான். அம்மா பதில் சொல்வதற்கு அதில் இடமே வைக்கவில்லை. உங்கள் மகள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறாள். விசுவாசத்தைப் பொருட்டாக நினைக்காத பிள்ளை சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கும். "பொய் சொல்லச் சொல்றியா" என்று கேட்பவள் அந்த வாக்கை மதிக்கிறாள்.

பிறகு ஏன் இவ்வளவு அவசரம்? "இவள் பேசிய பேச்சுதான் பிள்ளையையும் கெடுத்தது" என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். அது உண்மையாக இருக்குமோ என்று உங்களுக்கே ஒரு பயம். அந்த வெள்ளைச் சேலை சபைக்கு நீங்கள் தரும் பதில். பிள்ளையை உங்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறீர்கள் சகோதரி. அது நியாயமில்லை.

விசுவாசமும் உரிமையும் சேர்ந்திருக்குமா என்று கேட்டீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. 1612-இல் தாமஸ் ஹெல்விஸ் என்ற ஆங்கிலேய பாப்டிஸ்ட் சபைக் கிறிஸ்தவர், மனிதரின் ஆத்துமாவின் மேல் மன்னருக்கு அதிகாரமில்லை என்று எழுதினார். மாற்றுக் கொள்கைக்காரர், இஸ்லாமியர், யூதர் யாரையும் அரசு இதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றார். லண்டன் நியூகேட் சிறையில் உயிர் போனது. அவர் விசுவாசம் குறைந்தவரல்ல. மிரட்டி வாங்கிய ஆராதனை தேவனுக்குப் போய்ச் சேராது என்று நம்பியதால்தான் அப்படிச் சொன்னார்.

நம் பக்கத்திலேயே ஒன்று. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற தனி மதப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியே அனுப்பியது. 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை மறுபடி சேர்க்கச் சொன்னது. அவர்களுடைய போதனையை நம் சபைகள் ஏற்பதில்லை. ஆனால் மனச்சாட்சிக்காக வாய்மூடி நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்புதான் இன்றும் துணை. உங்கள் வீட்டில் நிற்பதும் அப்படியொரு பிள்ளைதான்.

சட்டத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. உங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளிகளில் யாரையும் வேதபாட வகுப்பில் கட்டாயமாக உட்கார வைக்கக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 28(3)-வது பிரிவு. அதிலும்கூட, 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள். எனவே ஞாயிறு ஆராதனைக்கு வரச் சொல்லுங்கள், குடும்ப ஜெபத்தில் உட்காரச் சொல்லுங்கள், தப்பில்லை. வாக்கு மட்டும் அவளுடையது. பலர் திரும்பிப் போனபோது, "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று இயேசு பன்னிருவரையும் கேட்டார். யோவான் 6-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள்.

கமிட்டி விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. மத காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை 26-வது பிரிவு சபைகளுக்குக் கொடுக்கிறது. யார் பாடம் எடுப்பது என்று தீர்மானிப்பது அவர்கள் காரியம். உங்களை அழைத்துப் பேசாமல் செய்தது மரியாதைக் குறைவு, உரிமை மீறல் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் உங்கள் வார்த்தைக்குத்தான் பலம் குறையும்.

செய்ய வேண்டியது இதுதான். பேராயருக்குப் பட்டியல் போகும் முன் உங்கள் சபையின் போதகரான சேகர குருவிடம், "இந்த வருஷம் மகள் இல்லை ஐயா" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் வேண்டாம், காரணம் சொன்னால் அது ஊர் சுற்றும். அன்றே மகளிடம், "பெயரை எடுத்துவிட்டேன், இனி உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "ஆனால்" என்று தொடங்கினால் எல்லாம் பாழ். சித்தி, பெரியம்மாவை விட்டுப் பேச வைக்காதீர்கள். குடும்ப ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி உரக்க மன்றாடாதீர்கள். அதுவும் நெருக்கடிதான், அந்த வயதுப் பிள்ளைகளை ஜெபத்தை விட்டே விரட்டுவது பெரும்பாலும் அதுதான்.

நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து போகும்போது, திடப்படுத்தல் ஆகாததால் அவள் பெஞ்சில் தனியாக இருப்பாள், உறவினர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். யாராவது கேட்டால், "அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்" என்ற ஒரே பதில் போதும்.

சபை மாறுவதைப் பற்றி இந்தக் கொதிப்பில் முடிவெடுக்க வேண்டாம். மகள் காரியம் ஆன பிறகு சேகர குருவிடம் தனியாக நேரம் கேட்டு, பெயரை ஏன் எடுத்தார்கள் என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், அப்போது பேசலாம்.