சளி மாத்திரையும் அடைத்துக்கொண்ட சிறுநீரும்

கேள்வி: வணக்கம் அக்கா. அப்பாவுக்கு வயது 74. போன மாதம் சளி, மூக்கடைப்பு. வீட்டில் மிச்சமிருந்த சளி மாத்திரையைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு சொட்டு சிறுநீர்கூட வரவில்லை. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கே டாக்டர் முதலில் கேட்டதே, "சளிக்கு ஏதாவது கொடுத்தீர்களா?" என்றுதான். மூக்குக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரா? - ஈசூன் வாசகி

பதில்: சரியான முடிச்சுதான் போட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் நடந்தது என் வீட்டிலும் நடந்தது. அதுவும் 31 வருடம் மருந்துக் கவுண்ட்டரில் நின்றவள் வீட்டில்.

சீனப் புத்தாண்டு விடுமுறை. புளோக்கு கீழே இருக்கும் கிளினிக் சாத்தியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மூக்கு ஒழுகி ஓயவில்லை. சமையலறை டிராயரில் ரப்பர் பேண்டு சுற்றி நான் போட்டு வைத்திருந்த சின்ன மஞ்சள் மாத்திரையையும் (குளோர்பெனிரமின்) மூக்கடைப்பு மாத்திரையையும் (சூடோஎபெட்ரின்) அவராகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். மறுநாள் விடிகாலை மூன்று மணிக்கு பாத்ரூமில் தண்ணீர் ஓடும் சத்தம். எட்டிப் பார்த்தால், வேர்த்து விறுவிறுக்கக் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டாவது வருமா என்று! மருத்துவமனையில் டியூப் போட்டபோது 900 மில்லிலிட்டர் வந்தது. "வீட்டில் யாரம்மா மருந்து பார்த்துக் கொடுக்கிறது?" என்று தாதி கேட்டார். நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இப்போது முடிச்சை அவிழ்க்கிறேன். நாம் நினைக்காமலே நடக்கும் வேலைகளை, அதாவது இதயத்துடிப்பு, செரிமானம், வியர்வை, கண்மணி சுருங்குவது எல்லாவற்றையும், தன்னியக்க நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. அதில் இரண்டு தரப்பு. ஒன்று பரிவு நரம்புகள். பெயர்தான் பரிவு, நாய் துரத்தினால் நம்மை ஓட வைப்பது அதுதான். இன்னொன்று எதிர்ப்பரிவு நரம்புகள். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்காரும் நேரம் அதன் ஆட்சி.

இந்த நரம்புகள் உறுப்புகளிடம் பேசுவது ரசாயனத்தில். 1921ல் ஓட்டோ லூவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அது மெதுவானதும் அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவானது. அந்தச் சரக்குதான் அசிட்டைல்கோலின். பரிவு நரம்புகள் பெரும்பாலும் நார்அட்ரினலினில் பேசும். பேச்சு ரசாயனத்தில் நடப்பதால்தான் மாத்திரை நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்கவும் வாயைப் பொத்தவும் முடிகிறது.

மூத்திரப்பையின் தசையை அழுத்தி வெளியே தள்ளச் சொல்வது அசிட்டைல்கோலின். பையின் வாசலையும், ஆண்களுக்கு அதற்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியின் தசையையும் இறுக்கச் சொல்வது நார்அட்ரினலின். மஞ்சள் மாத்திரை ஒவ்வாமைக்கான மருந்துதான். ஆனால் பழைய தலைமுறை மருந்து என்பதால் அசிட்டைல்கோலினையும் கொஞ்சம் தடுத்துவிடும். மூக்கு காய்வதும் அதனால்தான், வாய் உலர்வதும் மலச்சிக்கலும் வயதானவர்களுக்கு வரும் தடுமாற்றமும் அதனால்தான். சூடோஎபெட்ரின் நார்அட்ரினலின் பக்கம். மூக்கின் ரத்தக்குழாயைச் சுருக்கிய கையோடு மூத்திரப்பை வாசலையும் இறுக்கிவிடும். தள்ளுகிறவனுக்குக் கை சோர்ந்துபோக, வாசற்காரன் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். புரோஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு வாசல் ஏற்கெனவே ஒடுங்கிக் கிடக்கும். கேட்க வேண்டுமா?

அப்பா டாம்சுலோசின் போன்ற புரோஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறாரா? அதன் வேலையே அந்தத் தாழ்ப்பாளைத் தளர்த்துவதுதான். காலையில் திறக்க ஒன்று, மத்தியானம் பூட்ட ஒன்று என்று கொடுத்தால் பாவம் அவர் என்ன செய்வார்! அடுத்த முறை சளி வந்தால் உப்புநீர் மூக்குச் சொட்டு போதும். ஒவ்வாமை மருந்து வேண்டுமென்றால் லோராட்டடின் போன்ற புதிய தலைமுறை மாத்திரையைப் பற்றி மருந்தாளரிடம் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஒட்டியிருந்தால் மட்டும் உஷார், பெரும்பாலும் சூடோஎபெட்ரின் கலந்திருக்கும்.

கேள்வி: என் மாமியாருக்கு இளைப்பு நோய் (ஆஸ்துமா) உண்டு. கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விட ஆரம்பித்த வாரத்திலிருந்து இழுப்பு அதிகமாகிவிட்டது. கண்ணில் விட்டது நெஞ்சுக்கா போகும்? - பொங்கோல் வாசகி

பதில்: போகும். பாட்டிலைப் பாருங்கள், டிமோலால் என்று இருக்கிறதா? இருந்தால் இன்றே கண் மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லுங்கள். இழுப்பு கடுமையானால் போனுக்கெல்லாம் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சின்னத் துளை உண்டு. அழுதால் மூக்கு ஒழுகுவது அந்த வழியாகத்தான். சொட்டு மருந்தும் அதில் இறங்கி, மூக்கின் உள்தோல் வழியே ரத்தத்தில் சேர்ந்துவிடும். மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் பாதியை வடிகட்டும், இது கல்லீரலுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு நேராகப் போகிறது. பரிவு நரம்பின் செய்தியை வாங்கும் இடங்களை ஆல்பா, பீட்டா என்று 1948ல் ஆல்குவிஸ்ட் என்ற விஞ்ஞானி பிரித்தார். பீட்டாவிலும் இதயத்தில் ஒரு வகை, மூச்சுக்குழாயில் ஒரு வகை. டிமோலால் இரண்டையும் அடைக்கும். மாமியார் உறிஞ்சும் நீல இன்ஹேலர் மூச்சுக்குழாய் பீட்டாவைத் திறக்கப் பார்க்கும். அதே கதவுக்கு இரண்டு பேர் சண்டை!

இளைப்பு இருப்பதைக் கண் மருத்துவமனையில் ஏன் சொல்லவில்லை என்று மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள், "ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும்" என்று சொல்லியிருப்பார். இன்ஹேலர் மாத்திரை இல்லையே! கவுண்ட்டரில் இதை நூறு முறை பார்த்திருக்கிறேன். கண் அழுத்தத்துக்கு வேறு வகைச் சொட்டுகள் உண்டு, மாற்றித் தருவார்கள். எந்தச் சொட்டாக இருந்தாலும் விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர் 0.01 சதவீத அட்ரோபின் சொட்டு கொடுத்தார். "அது ஊமத்தை விஷம், பிள்ளைக்கு விடாதே" என்கிறார் பாட்டி. - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பாட்டி விவரமானவர். ஊமத்தையில் அட்ரோபின் உண்டுதான். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். 0.01 சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 0.1 மில்லிகிராம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர், அதில் இருப்பது 0.005 மில்லிகிராம். மருத்துவமனையில் போடும் 0.6 மில்லிகிராம் ஊசிக்கு 120 சொட்டு வேண்டும். முன்பு 1 சதவீதச் சொட்டை முயன்றபோது கண்மணி அகன்று வெயில் கூசியது, பக்கத்து எழுத்து மங்கியது. அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற ஆய்வு நம் சிங்கப்பூரிலேயே நடந்து 2012ல் வெளியானது. தயங்காமல் விடுங்கள், பாட்டிலை மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் பாட்டி சொன்னதுதான் நிஜமாகும்.

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். மேடைப் பயத்துக்கு அவள் தோழி புரோப்ரனோலால் மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறாள். சாப்பிடலாமா? - ஜூரோங் வாசகி

பதில்: அதைத் தோழியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த மாத்திரை படபடப்பையும் கை நடுக்கத்தையும்தான் அடக்கும். பயம் உள்ளே அப்படியே இருக்கும். இதுவும் டிமோலாலின் பங்காளிதான். மகளுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லையே, கவுண்ட்டருக்கு வந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன்.