பதின்மூன்றாவது சுற்று

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு பசியாறும்போது ஒட்டுக்கடையில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. என் பெரியப்பா 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நேரில் பார்த்தவர். ‘அலிக்கு முன்னால இன்னிக்கு இருக்கிற எவனும் நிக்க முடியாது’ என்கிறார். ஜிம்முக்குப் போகிற பையன்கள் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து டைசன் ஃபியூரி 6 அடி 9 அங்குலம். ஐம்பதுகளின் சாம்பியன் ராக்கி மார்சியானோ 5 அடி 10 அங்குலம்தான். அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கு வந்தால் இரண்டு சுற்றாவது தாங்குவார்களா? நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உயரத்தை எழுதியிருக்கிறீர்கள். எத்தனை சுற்றுச் சண்டை என்று எழுதவில்லை. எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

இன்றைக்கு உலகப் பட்டத்துக்கான சண்டை 12 சுற்று. அலி காலத்தில் 15. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ 14ஆம் சுற்றில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதன்பிறகு குத்துச்சண்டைச் சங்கங்கள் ஒவ்வொன்றாகச் சுற்றுகளைக் குறைத்தன. குறைத்தது சரி. அந்த மூன்று சுற்றும் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். ஆனால் பழைய வீரர்களை எடைபோடும்போது அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும்.

நீங்கள் சொன்ன மார்சியானோவையே எடுத்துக்கொள்வோம். 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் முதல் சுற்றிலேயே அவரைத் தரையில் தள்ளிவிட்டார். 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளிச் சீட்டிலும் வால்காட்தான் முன்னால். 13ஆம் சுற்றில் வால்காட் கயிற்றை ஒட்டிப் பின்வாங்குகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலது கையை எடுக்கிறார்கள். மார்சியானோவின் குத்து பயணப்பட்ட தூரம் மிகக் குறைவு, அதனால் அது முந்திக்கொள்கிறது. வால்காட்டின் இடது கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் மெதுவாகச் சரிந்து முழங்காலில் இறங்குகிறது. பழைய படத்தில் இந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், மார்சியானோ யார் என்று புரியும். இன்றைய விதி அன்றைக்கு இருந்திருந்தால் அவர் தோற்றுப்போன ஆள். 49 சண்டையில் 49 வெற்றி என்று இன்றுவரை பேசுகிறோமே, அந்தக் கணக்கே இருந்திருக்காது.

இன்னொரு பழைய சாம்பியன் ஜோ லூயிஸும் அப்படித்தான் தப்பித்தார். 1941 ஜூனில் தன்னைவிடச் சுமார் 25 பவுண்டு எடை குறைந்த பில்லி கானிடம் அவர் திணறினார். 12 சுற்றுக்குப் பிறகு இரண்டு சீட்டில் கான் முன்னால், மூன்றாவதில் சமம். 13ஆவதில் கானை வீழ்த்தினார் லூயிஸ். பட்டத்தை 25 முறை காப்பாற்றினார் என்கிற அவருடைய சாதனையும் அந்த ஒரு சுற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பால்மரம் வெட்டிப் பழகியவரைச் செம்பனைக் காட்டில் இறக்கி, கம்பில் கட்டிய அரிவாளைக் கையில் கொடுத்துவிட்டு ‘வேலை தெரியாதவர்’ என்று சொல்வோமா? 15 சுற்றுக்காரர் மூச்சைச் செலவழிக்கும் விதமே வேறு. பெரியப்பாவிடம் கேளுங்கள், சொல்வார். மெர்டேக்கா அரங்கத்தில் நம் ஊர் வெயிலில், பட்டப்பகலில், ஜோ பக்னரோடு 15 சுற்றும் முழுசாக ஆடிப் புள்ளியில் ஜெயித்தார் அலி. மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஃப்ரேசியரோடு 14 சுற்று. எந்தச் சுற்றில் ஓடுவது, எதில் கயிற்றில் சாய்ந்து சும்மா இருப்பது என்று அவர் போட்ட கணக்கெல்லாம் அந்த நீளத்துக்கானது.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருவோம். அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மார்சியானோவின் எடை 185 பவுண்டு சுமார். இன்றைக்கு 200 பவுண்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்றே குரூசர்வெயிட் என்று தனிப்பிரிவு உண்டு. அவர் அங்கே இறங்கியிருப்பார், அங்கே அவரை அசைக்க ஆள் இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஃபியூரியோடு 12 சுற்று என்றால் மார்சியானோ தோற்பார். கை எட்டாது.

அதற்காகப் பழைய ஆட்கள் எல்லாரும் இரண்டு சுற்றில் விழுவார்கள் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். காலம் விட்டுக் காலம் தாண்டி வந்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார், ஜார்ஜ் ஃபோர்மன். 1974இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் அலியிடம் 8ஆம் சுற்றில் விழுந்து பட்டத்தை இழந்தவர். இடையில் பத்து வருடம் சண்டையே போடவில்லை. 1994 நவம்பரில், 45 வயதில், ஜயரில் போட்ட அதே சிவப்புக் கால்சட்டையோடு வந்து அப்போதைய சாம்பியன் மைக்கேல் மூரரை 10ஆம் சுற்றில் நாக் அவுட் செய்து பட்டத்தைத் திரும்ப எடுத்தார். மூரருக்கு அப்போது 26 வயது. புள்ளியில் ஃபோர்மன் பின்தங்கித்தான் இருந்தார், காலும் ஓடவில்லை. கையில் இருந்த பலம் மட்டும் எழுபதுகளிலிருந்து அப்படியே வந்திருந்தது. ஒரு தலைமுறை தாண்டிய கிழவர் இதைச் செய்தார் என்றால், இளவயது ஃபோர்மன் என்ன செய்திருப்பார் என்று உங்கள் ஜிம் நண்பர்களைக் கேளுங்கள்.

பெரியப்பாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய ஆட்களில் அலிக்குத் தலைவலி தரக்கூடியவர் ஃபியூரி இல்லை, உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக். ஃபியூரியை 2024இல் இரண்டு தடவை ஜெயித்தவர். உயரம் 6 அடி 3 அங்குலம், அலியின் அதே உயரம். அப்புறம், அவர் இடக்கைக்காரர். 1966இல் பிராங்க்பர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடக்கைக்காரரை வீழ்த்த அலிக்கு 12ஆம் சுற்றுவரை ஆனது. அந்த வருடங்களில் அவர் கால் எவ்வளவு வேகம் என்பதை வைத்துப் பார்த்தால் அது ரொம்ப அதிகம். மில்டன்பெர்கரைவிட உசிக் பல மடங்கு கெட்டிக்காரர்.

தீர்ப்புத்தானே கேட்டீர்கள். 1966இன் அலியும் இன்றைய உசிக்கும் 12 சுற்று மோதினால் உசிக் ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் ஜெயிக்கலாம். 15 சுற்று என்றால் என் பணம் அலி மேல்தான்.

அன்புடன்,
அண்ணன்