பனங்கட்டிக் குட்டானோடு காத்திருந்த தம்பிக்கு

கேள்வி: அக்கா, நான் தருமபுரம், வயது 23. ஒன்பது வருடமாக ஒரு துடுப்பாட்ட வீரர்தான் எனக்கு எல்லாம். போன மாதம் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் ஹோட்டல் வாசலில் ஆறு மணித்தியாலம் நின்றேன், கையில் அம்மா தந்துவிட்ட பனங்கட்டிக் குட்டான். அவர் காதில் ஹெட்போனோடு என்னைத் திரும்பியும் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். காவலாளி என்னைத் தள்ளிவிட்டார். அன்றிரவே அவருடைய படத்துக்குக் கீழே, அவர் மனைவியையும் இழுத்து, கேவலமாக எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கோபமும் போகவில்லை. குட்டான் இன்னும் குசினியில் தொங்குகிறது.

பதில்: தம்பி, முதலில் போனை எடுத்து அந்தப் பின்னூட்டத்தை அழியுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

அழித்தாச்சா? சரி.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்த இரவு நாங்கள் மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். வன்னியில் போர்க்காலம், மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, அதனால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்துவிட்டு, நானும் அண்ணாவும் மாறி மாறிப் பெடலைக் கையால் சுற்றினோம். கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தேய்ந்துவிடும், உடனே சுற்றி நிற்கிற எல்லோரும் "சுத்து, சுத்து" என்று கத்துவார்கள். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் எடுத்த 107 ஓட்டங்களில் பாதியாவது என் கைவலியில்தான் வந்தது என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன். மல்லாவியில் ஒரு பிள்ளை சைக்கிள் சில்லுச் சுற்றியது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த இரவு எனக்குக் கிடைத்தது, முழுசாகவே கிடைத்தது.

நீங்கள் ஒன்பது வருடமாகக் கடைக்காரர் மாதிரி ஒரு கடன் கொப்பி எழுதி வந்திருக்கிறீர்கள், தம்பி. முழித்திருந்த இரவுகள், றீலோட் காசு, சிநேகிதரோடு பட்ட சண்டை, பஸ் காசு, கடைசியாக அம்மாவின் குட்டான். அந்தக் கொப்பியில் அவர் ஓர் இடத்திலும் கையெழுத்து வைக்கவில்லையே. ஆடுகளத்தில் ஒழுங்காக, களவில்லாமல், முழு மூச்சோடு விளையாட வேண்டியது அவர் உங்களுக்குச் செய்யவேண்டியது. தோற்றாலும் அது போதும். பார்வையும் சிரிப்பும் அவர் விரும்பினால் தருவது.

அப்புறம், அந்த வாசலையும் கொஞ்சம் அவர் பக்கம் நின்று பாருங்கள். 2009 மார்ச் 3 அன்று, 1996-இல் கிண்ணம் வென்ற அதே கடாபி மைதானத்துக்குப் போகிற வழியில் இலங்கை அணியின் பஸ்ஸைச் சுட்டார்கள், வீரர்கள் பலர் காயப்பட்டார்கள், காவலுக்கு வந்த பொலிசார் செத்தார்கள். இறுதிப் போர் நடந்த அந்த மார்ச்சில் நாங்கள் எங்கே, எப்படி இருந்தோம் என்று தருமபுரத்துப் பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை, அந்தச் செய்தியே எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். பஸ் வாசலில் கையில் பொதியோடு ஓடிவருகிற ஒருவரைக் காவலாளி என்ன நினைத்துத் தடுப்பார்? குட்டானை வாங்கியிருந்தாலும் அந்த வீரர் தின்னத் தயங்கியிருப்பார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் உடம்பில் எது அகப்பட்டாலும், அது எப்படி உள்ளே போனது என்று தெரியாவிட்டாலும், பொறுப்பு வீரருடையதுதான். அம்மாவின் கைப்பக்குவத்தை அவர் அவமதித்ததாக நினைக்க வேண்டாம்.

ஆனால் எனக்குப் பயம் தந்தது உங்கள் பின்னூட்டம்தான். 1993 ஏப்ரல் 30, ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில், டென்னிஸில் அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மோனிகா செலெஸ், 19 வயதுப் பிள்ளை, ஆட்டத்தின் இடையில் கதிரையில் இருந்து ஆறிக்கொண்டிருந்தபோது ஒருவன் பின்னால் வந்து முதுகில் கத்தியால் குத்தினான். அவன் ஸ்டெஃபி கிராஃபின் ரசிகன், கிராஃப் மறுபடி முதலிடத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே குத்தினான். செலெஸ் களத்துக்குத் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. நீங்கள் அவன் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் 'என்னுடைய ஆள்' என்ற எண்ணம் முற்றினால் மனிதரின் முதுகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அவருடைய மனைவி உங்களுக்கு என்ன செய்தார்? இனி அந்த வீரருக்கு நீளமாக மன்னிப்பு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், அது கொப்பியில் இன்னொரு பக்கம்.

போட்டியைப் பாருங்கள், கத்துங்கள், அழுங்கள். ஒரு மாதம் அவருடைய பக்கத்துக்கு மட்டும் போகாமல் இருங்கள். உங்கள் ஊர்க் கழகப் பொடியள் ஞாயிற்றுக்கிழமைகளில் மென்பந்து விளையாடுவார்கள்தானே, ஓட்டக் கணக்கு எழுத அங்கே எப்போதும் ஆள் தேவை. மாரி தொடங்கினால் பனங்கட்டி இளகிவிடும். வருகிற ஞாயிறே குட்டானைக் கொண்டுபோய், வெய்யிலில் ஓடிக் களைத்து வருகிறவர்களுக்கு வெறுந்தேத்தண்ணியோடு ஆளுக்கொரு துண்டு உடைத்துக் கொடுங்கள். அம்மாவிடமும் யார் யார் தின்றார்கள் என்று வந்து சொல்லுங்கள்.